மஞ்சள் கனகலிங்கத்தின் தோட்டம்

வுப்பர்டால்,
3.4.2005

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் குமுதினி எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அறிய விரும்புகிறேன்.

தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். தொலைபேசியில் எதையாவது கேட்கத் தொடங்கினால், “காட் முடியப்போகுது பிள்ளை, பிறகு கதைப்பம்” என்று வைத்துவிடுகிறீர்கள். அந்தத் தொலைபேசிக் காட் என்னுடையது, அப்பா. முடிகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியும். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

வேலை அப்படியே இருக்கிறது. முதியோர் இல்லத்தில் இருப்பவர்களின் தொகையைக் கூட்டிவிட்டார்கள், வேலை செய்யும் எங்கள் தொகையைக் கூட்டவில்லை. காலையில் ஒரு தளத்தை இரண்டு பேர் பார்க்கிறோம். குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்து, செய்ததையெல்லாம் எழுதி வைக்க வேண்டும். எழுதுவதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அவர்களோடு கதைப்பதற்கு ஒதுக்கவில்லை. மூலை அறையில் இருக்கும் கிழவி, தன் மகன் சனிக்கிழமை வருவான் என்று தினமும் சொல்கிறாள். அவன் வருவதில்லை. நானும் வருவான் என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போகிறேன். நீங்கள் இந்த நாட்டில் பதினைந்து வருடம் கோப்பை கழுவினீர்கள். நான் மனிதர்களைக் கழுவுகிறேன். முன்னேற்றம்தான்.

தோட்டத்தில் பனி போய்விட்டது. உங்கள் ஹோஸ்டாச் செடிகள் முளைக்கத் தொடங்கிவிட்டன. குளிர்காலம் முழுக்க அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் சேறு. போன கிழமை பார்த்தால் ஊதா நிற முனைகள் மண்ணைப் பிளந்துகொண்டு வரிசையாக நிற்கின்றன. நீல இலைக்காரன் வழக்கம்போலப் பிந்தித்தான் வருவான். நத்தைகள் அதற்கு முதலே வந்துவிட்டன. ஓடில்லாத அந்தச் செம்மண் நிற நத்தைகளைக் கையுறை போட்டுப் பொறுக்கி வாளியில் போடுகிறேன். நீங்கள் அவற்றை ரயில் பாதைக்கு அப்பால் கொண்டுபோய் விடுவீர்கள். எனக்கு அவ்வளவு தருமம் இல்லை. என்ன செய்கிறேன் என்று எழுதவில்லை.

இமெல்டா அக்காவின் கடைக்குத் தேங்காய் வாங்கப் போனேன். அங்கே புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு என்னைக் காட்டி, “இவா மஞ்சள் கனகலிங்கத்தின்ரை மகள்” என்றார். ஏன் மஞ்சள் என்று அந்தப் பெண் கேட்டுவிட்டாள். பிறகென்ன. “இவவின்ரை தேப்பன் வெயில் விழாத இருட்டுக்கை ஒரு தோட்டம் எடுத்தவர். பழைய ஆக்கள் விட்டிட்டுப் போன செடி முளைச்சு வர, மஞ்சள் எண்டு நினைச்சுப்போட்டார். ஜேர்மனியிலை மஞ்சள் விளைவிக்கிறன், தைப்பொங்கலுக்கு எல்லாருக்கும் இலையோடை தாறன் எண்டு கடை முழுக்கச் சொல்லித் திரிஞ்சவர். கிண்டிப் பாத்தா வெறும் வேர். அது வெள்ளைக்காரன் வடிவுக்கு வைக்கிற செடி!” என்று முடிக்கும்போது வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். எட்டு வருடமாக அதே கதை. அந்தச் சிரிப்பின் பிறகும் நீங்கள் பிடிவாதமாக இன்னும் பத்து வகை ஹோஸ்டா வாங்கி நட்டதை மட்டும் இமெல்டா அக்கா சொல்வதில்லை. காசை வாங்கிக்கொண்டு, “கொப்பர் எப்ப வாறார்? தனிய இருக்கிறாய், ஆர் சமைச்சுத் தாறது?” என்றார். எனக்குக் கை இருக்கிறது அக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன். நாளைக்கு அதையும் ஒரு கதையாக்குவார்கள்.

இனி விடயத்துக்கு வருகிறேன். தோட்டங்களைக் குத்தகைக்குக் கொடுக்கும் சங்கத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. இரண்டு குறை சொல்கிறார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் மூன்றில் ஒரு பங்கு காய்கறி அல்லது பழம் இருக்க வேண்டுமாம், நம்முடையதில் வெறும் அலங்கார இலை. அது முதலாவது. இரண்டாவது, குத்தகைக்காரர் ஒன்றரை வருடமாக ஆளே இல்லை. நீங்கள் நேரில் வந்து தொடர்கிறேன் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மகளுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று கையெழுத்து வைக்க வேண்டும். ஜூன் முடிவதற்குள் இரண்டும் சரியாகாவிட்டால் தோட்டத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

முதலாவதை நான் பார்த்துக்கொள்வேன். எப்படி என்று இப்போது தெரியாது. போன கோடையில் நட்ட தக்காளி பச்சையாகவே இருந்து அழுகியது. மிளகாய் பூக்கவே இல்லை. தலைக்கு மேலே புங்க மரம் அளவில் நான்கு காட்டு மரங்கள், பின்னால் ரயில் பாதையின் உயர்ந்த கரை. வெயில் எங்கிருந்து வரும்? இரண்டாவதை உங்களால் மட்டும்தான் செய்ய முடியும். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன், கையெழுத்து வைக்கும் இடத்தில் பென்சிலால் புள்ளடி போட்டிருக்கிறேன்.

ஒரு மாதத்தில் யாழ்ப்பாணத்து வீட்டின் கூரையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனீர்கள். அது எவ்வளவு பெரிய கூரை, அப்பா? உங்களிடம் ஜேர்மன் பாஸ்போர்ட் இருக்கிறது. வர நினைத்தால் உங்களை யாரும் தடுக்க முடியாது.

சின்ன வயதில் சனிக்கிழமை தோறும் அந்தச் சேற்றுக்கு என்னை இழுத்துப் போனபோது எவ்வளவு கத்தினேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். இப்போது ஏன் கேட்கிறாள் என்று யோசிப்பீர்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் சுவர் இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது. தோட்டத்துக்குப் போனால் நேற்றைக்கும் இன்றைக்கும் ஏதாவது வித்தியாசம் இருக்கிறது. இதற்கு ஒரு சொல் உண்டு. எழுதினால் கலியாணப் பேச்சைத் தொடங்குவீர்கள், அதனால் எழுதவில்லை.

கையெழுத்தை அனுப்புங்கோ. அல்லது வாங்கோ.

அன்பு மகள்,
குமுதினி


வுப்பர்டால்,
15.5.2005

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு எண்ணெய் போட்டுச் சுகம் என்று அறிந்து சந்தோஷம். எண்ணெய் காய்ச்சித் தந்த பக்கத்து வீட்டு சிசிலி ரீச்சருக்கும், கூரைக்கு ஓடு போட ஆள் பிடித்துத் தந்த சிசிலி ரீச்சருக்கும், கிணற்றடியில் பாம்பைக் கண்டு சத்தம் போட்ட சிசிலி ரீச்சருக்கும் நன்றி. படிவத்தைப் பற்றி, “நான் வருவன்தானே, ஏன் அவசரப்பட்டு மாத்த வேணும்” என்று ஒரே ஒரு வரி. அதற்குப் பிறகு நீல இலை ஹோஸ்டாவின் வேரில் ஒரு துண்டு வெட்டிப் பார்சலில் அனுப்பச் சொல்லி அரைப்பக்கம். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

காய்கறிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. எப்படி என்று கேட்டால் நம்பமாட்டீர்கள்.

என்னோடு வேலை செய்யும் மின்யோங்கை உங்களுக்குத் தெரியும், கொரியாப் பிள்ளை. அவளுடைய தாய் அந்தக் காலத்தில் இங்கே தாதியாக வந்தவர். தேநீர் நேரத்தில் சங்கத்தைத் திட்டிக்கொண்டு தோட்டத்துப் படத்தைக் காட்டினேன். இதற்கா அழுகிறாய், இதை எங்கள் வீட்டில் சாப்பிடுவோமே என்றாள். இலை விரிவதற்கு முன்னால் குருத்தாக வெட்டி, வெந்நீரில் போட்டு எடுத்து, எள்ளெண்ணெய் விட்டுப் பிசைவார்களாம். அவளுடைய தாய் பூங்காவில் இதைக் கண்டால் கத்தி தேடுவாராம். நான் முதலில் நம்பவில்லை. பிறகு நூலகத்தில் பார்த்தேன். உண்மைதான்.

எள்ளெண்ணெய் எனக்குச் சரிவராது. ஒரு வெள்ளிக்கிழமை குருத்தில் ஒரு பாத்திரம் நிறைய வெட்டிவந்து, பொடியாக அரிந்து, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ போட்டு வறை வைத்தேன். மஞ்சளும் போட்டேன். அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன், அப்பா. எட்டு வருடம் கழித்து உங்கள் செடியில் மஞ்சள் வந்துவிட்டது. ருசி கீரைக்கும் லீக்ஸுக்கும் இடையில் இருக்கிறது. மூன்று நாள் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. வெட்டிய இடத்தில் திரும்பவும் முளைக்கிறது.

சங்கத்துக்காரர் பார்வையிட வந்த சனிக்கிழமை, புதிதாக வறை வைத்துச் சட்டியோடு கொண்டுபோனேன். மூன்று பேர் வந்தார்கள். தலைவர் புருக்மன்தான் முன்னுக்கு, கையில் குறிப்பெழுதும் மட்டை, அதே தொப்பி. காய்கறி எங்கே என்றார். நான் ஹோஸ்டாக்களைக் காட்டினேன். இது அலங்காரச் செடி என்றார். சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கறுத்தப் பாண் துண்டில் வறையை வைத்துக் கொடுத்தேன். கூட வந்த பெண் உடனே சாப்பிட்டுவிட்டு எப்படிச் செய்வது என்று கேட்டாள். புருக்மன் வெகுநேரம் மென்றார். கண் கலங்கியது, மிளகாயால். கடைசியில், இது எங்கள் பட்டியலில் இல்லை என்றார்.

அதோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. நீங்கள் இருந்திருந்தால், “சத்தம் போடாதை பிள்ளை” என்று கையைப் பிடித்திருப்பீர்கள். நீங்கள் இல்லை. அதனால் சொன்னேன். வெயிலை உங்களுக்குள் பங்கு போட்டுவிட்டு, இருட்டைப் பார்த்து ஒரு கறுப்புக் குடும்பத்துக்குத் தந்தீர்கள். அவர் வாய் திறக்காமல் அந்த இருட்டில் முளைப்பதை வளர்த்தார். இப்போது வந்து தக்காளி எங்கே என்று கேட்கிறீர்கள். இதையெல்லாம் ஜேர்மன் மொழியில் ஒரு பிழையும் இல்லாமல் சொன்னேன். இந்த நாட்டில் படித்ததற்கு அதுதான் பலன்.

புருக்மன் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு, இரண்டாயிரமாம் ஆண்டு வசந்தத்தில் மேட்டுத் தோட்டம் ஒன்று காலியானபோது, பகல் முழுக்க வெயில் விழும் அந்த இடத்தை உங்களுக்குத் தருவதாகச் சொன்னேன், உங்கள் தகப்பன்தான் மறுத்துவிட்டார் என்றார். ஏன் என்று கேட்டேன். உங்கள் தகப்பனின் ஜேர்மன் எனக்குப் பாதிதான் விளங்கும், ஆனால் மனைவிக்குச் சுகமில்லை, வெயில் கூடாது, இங்கே கதிரை போட்டால் நாள் முழுக்க இருக்கலாம் என்று மூன்று தரம் சொன்னார் என்றார் புருக்மன்.

அம்மாவுக்கு மருந்து ஏற்றத் தொடங்கிய வசந்தம் அது. வெயில் பட்டால் தோல் சிவந்து கொப்பளிக்கும். அந்தப் பச்சைக் கதிரையில், அந்த மரங்களுக்குக் கீழே, தொப்பியும் போட்டுக்கொண்டு இருப்பார். நீங்கள் அவரைச் சுற்றி நட்டுக்கொண்டிருப்பீர்கள். நீல இலையைத் தொடாதை, தொட்டால் நீலம் கையோடு வந்துவிடும் என்று என்னை ஏசுவீர்கள். அம்மா மட்டும் தொடுவார், அவரை ஒன்றும் சொல்லமாட்டீர்கள். மேட்டுத் தோட்டத்தை வேண்டாம் என்றதை வீட்டில் ஒருநாளும் சொல்லவில்லையே. அம்மாவாவது இதைத் தெரிந்துகொண்டு போனாரா?

புருக்மன் நல்லவர் என்று நான் எழுதவில்லை. அதற்கு முந்திய வருடங்களிலும் மேட்டில் தோட்டங்கள் காலியாகின, அவை ஏன் எங்களுக்கு வரவில்லை என்று கேட்டேன். அதைக் கேட்டுக்கொண்டே அவர் மட்டையை எடுத்து, இலைக் காய்கறி என்று எழுதினார். போகும்போது, தகப்பன் எப்போது வருகிறார் என்று கேட்டார். கையெழுத்து வருகிறது என்று சொன்னேன்.

சொல்லிவிட்டேன், அப்பா. என்னைப் பொய்க்காரி ஆக்காதேங்கோ. இரண்டாவது படிவம் இதோடு இருக்கிறது.

அன்பு மகள்,
குமுதினி


வுப்பர்டால்,
12.6.2005

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று நீங்களாகவே தொலைபேசி எடுத்ததும் பயந்துவிட்டேன். இந்த ஒன்றரை வருடத்தில் உங்கள் பக்கத்திலிருந்து வந்த முதல் அழைப்பு அது. அழைத்துவிட்டு அம்மாவின் கதிரை இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டீர்கள். இருக்கிறது என்றேன். பிறகு நீங்கள், “தோட்டத்தை வைச்சிரு பிள்ளை, நான் வருவன்” என்றீர்கள். அப்போது உங்களுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. “கையெழுத்தை வைச்சு அனுப்புங்கோவன், அந்தப் பிள்ளை பாவமெல்லே.” நீங்கள் உடனே, “காட் முடியுது” என்று வைத்துவிட்டீர்கள். இந்தத் தடவை காட் உங்களுடையது, அதனால் நம்புகிறேன்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். சுனாமி வந்த கிழமை இரவு பகலாக உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். கோண்டாவிலுக்குக் கடல் வராது என்று தெரிந்தும் எடுத்தேன். கடைசியில் லைன் கிடைத்தபோது ஒரு பெண் பேசினார். “அவர் அகதியளுக்குச் சாமான் குடுக்கப் போயிட்டார் பிள்ளை, ஒண்டும் பயப்பிடாதை. சாப்பிட வந்திடுவார்.” நான் யார் என்று சொல்லவே இல்லை. என் குரலைக் கேட்டதுமே அவருக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று அழுதேன். அழுது முடித்த பிறகுதான் சாப்பிட வந்திடுவார் என்பதை யோசித்தேன். அடுத்த நாள் நான் திரும்ப எடுத்து நீங்கள் பேசியபோது அதைக் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் கூரை முடியவில்லை.

இது கோபத்தில் எழுதும் கடிதம் இல்லை. கோபத்தில் எழுதியதைக் கிழித்துவிட்டேன். அதில் அம்மாவின் பெயர் அடிக்கடி வந்தது. அவரை இதற்குள் இழுக்கக்கூடாது என்று தோன்றியது. அவருக்காக வெயிலை வேண்டாம் என்றவர் நீங்கள். அதை யாரும் உங்களிடமிருந்து எடுக்க முடியாது, நீங்கள் இனி யாரோடு சாப்பிட்டாலும்.

இங்கே சனங்களுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று பயப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வயது, சமயம், பெண்சாதி செத்து எத்தனை வருடம் என்று எல்லாவற்றையும் கடை வாசலில் நிறுத்துப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அம்மா படுக்கையில் கிடந்தபோது அந்தச் சனங்களில் எத்தனை பேர் சோறு கொண்டு வந்தார்கள்? இமெல்டா அக்கா ஒருவர்தான் வந்தார். அவர் சிரித்தால் பொறுத்துக்கொள்வோம். மற்றவர்களுக்கு நான் பதில் சொல்கிறேன்.

நீல ஹோஸ்டாவின் வேரை அனுப்பமாட்டேன். கொடுக்க மனமில்லாமல் இல்லை. விசாரித்துப் பார்த்தேன். அதற்குக் குளிர் வேண்டும். சில மாதம் குளிரில் செத்ததுபோலக் கிடந்தால்தான் அடுத்த வருடம் முளைக்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு வருடம் இலை விடும், பிறகு மெலிந்து மெலிந்து போய்விடும். நீங்கள் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஏன் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அந்தக் காட்சி வேண்டாம். அது இங்கேயே இருக்கட்டும். நீங்கள் நட்ட இடத்தில் இப்போது என் முழங்கால் உயரம் நிற்கிறது. நத்தை ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. இன்றைக்கு மழை. வேலை முடிந்து நேரே போய் அம்மாவின் கதிரையைத் துடைத்துவிட்டு இருந்தேன். ரயில் போனது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலிக்கு மேலால் தலையாட்டினார். இன்று முழுவதும் எனக்குக் கிடைத்த கதை அவ்வளவுதான்.

கையெழுத்து வைத்தால், வரமாட்டேன் என்று எழுதிக் கொடுப்பதுபோல ஆகிவிடும் என்று நினைக்கிறீர்கள். வைக்காவிட்டாலும் நீங்கள் வரப்போவதில்லை, அப்பா. இல்லத்தில் அந்தக் கிழவிக்கு நான் தினமும் சொல்லும் பொய்யை எனக்கு நீங்கள் சொல்லாதேங்கோ. என்னால் தாங்க முடியும். தோட்டமும் போய், நீங்களும் வராமல் இருந்தால்தான் தாங்க முடியாது.

மூன்றாவது படிவம் வைத்திருக்கிறேன். இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. இதை அவசரத் தபாலில் அனுப்புகிறேன், நீங்களும் அவசரத் தபாலில் போட்டால் வந்து சேரும். உங்களால் தபாலகத்துக்கு நடக்க முடியாவிட்டால் ரீச்சரிடம் கொடுங்கோ, அவர் போடுவார் என்று நினைக்கிறேன்.

அங்கே நடுவதற்கு ஏதாவது வேண்டுமென்றால் மஞ்சள் நடுங்கோ. இந்தத் தடவை உண்மையான மஞ்சள். அதற்கும் கொஞ்சம் நிழல் இருந்தால் நல்லது, இலையும் கிட்டத்தட்ட இதைப்போலத்தான் இருக்கும். பின்னேரங்களில் ரீச்சர் எந்தப் பக்கம் கதிரை போடுவார் என்று பார்த்து, அந்தப் பக்கமாக நடுங்கோ. பொங்கலுக்கு இலையோடு அவருக்குக் கொடுங்கோ. நான் விசாரித்ததாகச் சொல்லுங்கோ.

இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டும்,

உங்கள் மகள்,
குமுதினி